கூரைக்குக் கீழே ஏழு வாளிகள்

சலவையக்காவின் கையைப் பார்த்தாலே அவள் என்ன வேலை செய்கிறாள் என்று சொல்லிவிடலாம். பத்து விரல் நுனியும் ஊறி வெளுத்துச் சுருங்கியிருக்கும், நகத்தோரம் எப்போதும் ஒரு வெடிப்பு இருக்கும். தாங்களாகக் குளிக்கவோ உடுத்தவோ முடியாத இருபத்திரண்டு பெண்கள் தங்கியிருந்த ஓர் இல்லத்தில் பதினாறு வருஷம் துணி துவைத்த கை அது. அங்கே இருந்தவர்கள் குழந்தைகள் இல்லை, எல்லாரும் முப்பது, நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள். நாளைக்குக் குறைந்தது முப்பது விரிப்பு விழும். மழைக்காலத்தில் அது நாற்பதாகும், காயவும் காயாது. சலவை இயந்திரம் என்று ஒன்று இருந்தது. அது ஓடிய நாளைவிட நின்ற நாள்தான் அதிகம் என்பதால், அதன் தலையில் சோப்புப் பெட்டியை வைத்துக்கொண்டாள்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்தது. சம்பளப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இருக்கவில்லை. வார்டன் மேடத்திலிருந்து வாசல் காவலாளிவரை எல்லாருக்கும் அவள் சலவையக்கா. ஒரே ஒருத்தி மட்டும் அவளை எந்தப் பெயரிலும் கூப்பிட்டதில்லை. அந்த இருபத்திரண்டு பேரில் ஒருத்தி, அவள் கூடப் பிறந்த தங்கை. நாற்பத்தொரு வயதாகியும் சின்னவள் என்றுதான் சொல்வார்கள். சின்னவளுக்குப் பேச்சு வராது. பசித்தால் அக்காவின் முழங்கையைப் பிடித்து இழுப்பாள். பயந்தாலும் அதே முழங்கைதான், சந்தோஷம் வந்தாலும் அதேதான். எந்த இழுப்பு எதற்கு என்று அக்காவுக்கு மட்டும் தெரியும். சின்னவளை இங்கே சேர்த்த மறுவாரமே அவள் தானும் வேலை கேட்டு வந்து நின்றாள். என்ன வேலை தெரியும் என்று கேட்டதற்கு, எது காலியாக இருக்கிறதோ அது தெரியும் என்றாள்.

அவளுக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது வருகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், தரை, ஜன்னல், கதவிடுக்கு எதுவும் அவள் கையிலிருந்து தப்பாது. இல்லத்தில் எல்லாரும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. சின்ன வயதில் வீட்டுக்கு யாராவது வந்தால் அம்மா சின்னவளைப் பின்னறையில் விட்டுக் கதவைச் சாத்திவிடுவாள். ஒருநாள் கதவு சரியாகச் சாத்தவில்லை. சின்னவள் நனைந்த உடையோடு வந்து கூடத்தில் நின்றாள். வந்திருந்த அம்மாள் கையிலிருந்த டீயை ஒரு வாய்கூடக் குடிக்காமல் கீழே வைத்தாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்தக் குடிக்காத டீயை அக்கா ஐம்பது வயதாகியும் மறக்கவில்லை.

பிறகு, பெற்றவர்கள் போனபின், சின்னவளை வேறோர் இல்லத்தில் சேர்த்தாள். தங்கையின் படுக்கை ஈரமாகவே கிடக்கிறது என்று அங்கே போய்க் குறை சொன்னாள். அடுத்த வாரமே, இவளை எங்களால் வைத்துக்கொள்ள முடியாது, அழைத்துப் போங்கள் என்று கடிதம் வந்தது. ஆக, வருகிறவர் முகம் சுளிக்கக் கூடாது, யாரிடமும் குறை சொல்லக் கூடாது என்று இரண்டு பாடத்தைப் பட்டுத் தெரிந்துகொண்டாள். அவை தப்பான பாடங்கள் என்று சொல்லவும் மனசு வரவில்லை. பதினைந்து வருஷம் அவை அவளைக் கைவிடவே இல்லை.

இல்லத்துக்கு வரும் விருந்தாளிகளில் முக்கியமானது ஒரு பெரிய வங்கி. அதற்குச் சமூகப் பொறுப்புப் பிரிவு என்று ஒன்று இருந்தது. வருஷத்துக்கு ஒருநாள் இரண்டு பஸ்ஸில் நாற்பது பேர் ஆரஞ்சு நிற டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு வந்து இறங்குவார்கள். முதுகில் ‘தோள் கொடுப்போம்’ என்று எழுதியிருக்கும். வந்து சுற்றுச்சுவருக்குப் பெயின்ட் அடிப்பார்கள். நல்ல பிள்ளைகள், அதில் சந்தேகமே இல்லை. மூக்கிலும் கன்னத்திலும் பெயின்டை அப்பிக்கொண்டு வெயிலில் நின்று மனசார வேலை செய்வார்கள். சின்னவளுக்கு பிஸ்கட் ஊட்டுவார்கள், போட்டோ எடுத்துக்கொள்வார்கள், கிளம்பும்போது இரண்டு பேராவது கண் கலங்குவார்கள். ஆனால் ஒரு சுவர் வருஷா வருஷம் எவ்வளவுதான் பெயின்ட் குடிக்கும்? நாலாவது வருஷம் சுவர் புத்தம் புதுசாக நின்றது, வந்தவர்கள் பிரஷ்ஷும் கையுமாகத் திருதிருவென்று விழித்தார்கள். வார்டனுக்கு மானம் போயிற்று. அடுத்த வருஷத்திலிருந்து, அவர்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே காவலாளியும் சலவையக்காவும் உட்கார்ந்து சுவரைச் சுரண்டி வைக்க ஆரம்பித்தார்கள். வருகிறவர்களுக்கு வேலை வேண்டாமா?

உண்மையான வேலை தலைக்கு மேலே இருந்தது. கூடத்தின் கூரை ஏழு இடத்தில் ஒழுகியது. அதைச் செய்துகொடுங்கள் என்று வார்டன் கேட்காத வருஷம் இல்லை. ஊழியர்களை ஏணியில் ஏற்ற விதி இடம் தராது, கூரை என்றால் கட்டுமானம், அதற்குத் தனிப் பிரிவு, தனி விண்ணப்பம் என்று பதில் வரும். அதனால் கூரைக்கு வங்கி செய்த உதவி என்று பார்த்தால், விட்டுப்போன காலிப் பெயின்ட் வாளிகள்தான். ஒவ்வொன்றும் இருபது லிட்டர் பிடிக்கும். சலவையக்கா அவற்றைத் தேய்த்துக் கழுவி, ஒழுகும் இடத்துக்கு ஒன்றாக வைத்துக்கொண்டாள். எந்த வாளி எவ்வளவு நேரத்தில் நிறையும் என்பது அவளுக்கு அத்துப்படி. நாலாவது வாளி சின்னவளின் கட்டிலை ஒட்டி நிற்கும். சொட்டு விழுந்தால் போதும், சின்னவள் எட்டிப் பார்த்துச் சிரிப்பாள். எல்லாரும் அந்தக் கூரையைச் சபித்துக்கொண்டிருந்தபோது, அதை ரசித்தவள் அவள் ஒருத்திதான்.

ஒரு வருஷம் மழைக்காலத் தொடக்கத்தில் கூரைப் பலகை ஒன்று பெயர்ந்து ஒரு கட்டிலின் மேல் விழுந்தது. அந்த நேரம் கட்டிலில் ஆள் இல்லை. ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டு, ஆறு மாதத்துக்குள் கூரையைச் சரிசெய்யாவிட்டால் இல்லத்தை மூடவேண்டும் என்று நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார். மூடினால் இருபத்திரண்டு பேரும் நாலு மணி நேரப் பஸ் தூரத்தில் இருந்த பெரிய அரசு இல்லத்துக்குப் போகவேண்டியதுதான். அங்கே அறுநூறு பேர். துணிக்கு ஒப்பந்தக்காரர் உண்டு, சலவையக்காவுக்கு வேலை கிடையாது. உறவுக்காரர்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாம். காவலாளி அவளுக்கு நோட்டீஸைப் படித்துக் காட்டினான். தன் முழங்கையைத் தானே பிடித்துக்கொண்டு நின்றாள்.

வார்டன் முறைப்படி கட்டுமானப் பிரிவுக்கே விண்ணப்பம் அனுப்பினாள். இந்தத் தடவை வங்கி மறுக்கவில்லை. பல இடத்திலிருந்து விண்ணப்பம் வந்திருக்கிறது, நேரில் வந்து பார்த்துத் தேவைக்கு மதிப்பெண் போடுவோம், எங்கே தேவை அதிகமோ அங்கே செய்வோம் என்று எழுதியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை வருவதாகத் தகவல் வந்தது. வியாழக்கிழமை காலை வார்டன் எல்லாரையும் கூப்பிட்டு, யாரும் எதையும் ஒதுக்கி வைக்க வேண்டாம், உள்ளதை உள்ளபடி காட்டினால் போதும் என்று சொன்னாள். சொன்ன அரை மணி நேரத்தில் ஒரு பெண்ணுக்கு வலிப்பு வந்து நிற்கவே இல்லை. அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய வார்டன் மறுநாள் சாயங்காலம்தான் திரும்பினாள். வருகிறவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு சலவையக்கா தலையில் விழுந்தது.

வார்டன் சொன்னது அவளுக்குக் கேட்டது, புரியவும் புரிந்தது. ஆனால் கை கேட்கவில்லை. மூன்று நாள் மழை அன்று மத்தியானம் விட்டிருந்தது. வாளிகளைக் கொட்டி, துடைத்து, பின்னால் சலவைக் கொட்டகையில் கவிழ்த்து அடுக்கினாள். தரையை மூன்று தரம் துடைத்தாள். வங்கி எப்போதோ கொடுத்து, நல்ல நாளுக்கு என்று அவள் பெட்டியில் பூட்டி வைத்திருந்த நீல விரிப்புகளை எடுத்து எல்லாக் கட்டிலிலும் விரித்தாள். அதோடாவது விட்டாளா? போன வருஷ மிச்சப் பெயின்ட் அரை வாளி கிடந்தது. காவலாளியை ஏணியில் ஏற்றி, பெயர்ந்த பலகையை ஆணியடித்துச் சேர்த்துவிட்டு, கூரையில் பழுப்பு வட்டமாகத் தெரிந்த கறைகளின் மேல் பூசச் சொன்னாள். மறைக்க வேண்டாம் என்றுதானே மேடம் சொன்னார் என்று அவன் ஏணியிலிருந்து கேட்டான்.

“வீட்டுக்கு வர்றவங்களுக்கு ஒழுகுறதையா காட்டுவாங்க? நீ அந்த மூலையில இன்னொரு தடவை பூசு.”

வெள்ளிக்கிழமை இரண்டு பேர் வந்தார்கள். கேமராவோடு ஒருவர், கையில் டேப்லெட்டோடு ஓர் இளம் பெண். அந்தப் பெண் மரியாதையாகப் பேசினாள். ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்தாள், கழிப்பறையைப் பார்த்தாள், தலையைத் தூக்கிக் கூரையை நன்றாகப் பார்த்தாள். ஒரு கறைகூடத் தெரியவில்லை. இவ்வளவு சுத்தமான இடத்தை நான் பார்த்ததே இல்லை என்று கூட வந்தவரிடம் சொன்னாள். சலவையக்காவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அந்தப் பெண் சின்னவளின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, டீயை வாங்கிக்கொண்டு, மழை வந்தால் ரொம்ப ஒழுகுமா என்று கேட்டாள். லேசாகத்தான், நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்று அக்கா சொன்னாள்.

“வேற ஏதாவது கஷ்டம் இருக்காக்கா? தயங்காம சொல்லுங்க. அதுக்குத்தான் வந்திருக்கோம்.”

அப்போது சின்னவள் அக்காவின் முழங்கையை இழுத்தாள். அவள் கண் கட்டிலின் பக்கத்தில், வாளி நின்றிருந்த காலித் தரையில் இருந்தது. எங்கே போயிற்று என்று கேட்கிறாள். அந்தக் கூடத்தில் உள்ளதை உள்ளபடி சொல்ல முயன்றவள் அவள் ஒருத்திதான். அக்கா அந்தக் கையை மெதுவாக விலக்கி, மடியில் வைத்து, அதன் மேல் தன் கையை வைத்துக்கொண்டாள்.

“ஒரு குறையும் இல்லைங்க. உங்க புண்ணியத்துல நல்லா இருக்கோம்.”

அந்தப் பெண் டேப்லெட்டில் ஏதோ தட்டினாள். டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, நன்றாக இருந்தது என்று சொல்லிக் கோப்பையை நீட்டினாள். காலிக் கோப்பையைக் கையில் வாங்கியபோது சலவையக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. காரியம் ஜெயித்துவிட்டது என்றே நினைத்தாள்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. வார்டன் அதைக் கூடத்தில் நின்றபடியே படித்தாள். தேவை மதிப்பெண் நூற்றுக்கு இருபத்தொன்று. இல்லம் மிகச் சிறப்பாகப் பராமரிக்கப்படுகிறது, கூரை நல்ல நிலையில் உள்ளது, பணியாளர்கள் குறை ஏதும் தெரிவிக்கவில்லை. அவர்களுடைய அர்ப்பணிப்பை மனமாரப் பாராட்டுகிறோம். உதவி இவ்வருடம் வேறோர் இல்லத்துக்கு வழங்கப்படுகிறது. வார்டன் இரண்டாம் தரம் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை நாள் ஆஸ்பத்திரி அலைச்சலில் அவள் கவனிக்கவில்லை. பழைய கூரையில் ஏழு இடம் மட்டும் பளிச்சென்று இருந்தது. யார் பூசியது என்று கேட்டாள். நான்தான் என்று சலவையக்கா சொன்னாள்.

“உன்னைத் திட்டணும்னுதான் இருக்கு. திட்டி என்ன ஆகப்போகுது?” என்று சொல்லிவிட்டு வார்டன் கடிதத்தை மடித்தாள்.

திட்டியிருந்தால் தேவலை. நாலு வார்த்தை கேட்டுக்கொண்டு, அழுது, மூக்கைச் சிந்திவிட்டுத் துணிக்குப் போயிருப்பாள். திட்டாததால் அந்தப் பாரம் இறங்க வழியில்லாமல் நெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டது. அடுத்த மழையில் பெயின்ட் உரிந்து கறை பழையபடி வந்தது. வார்டன் அதைப் படம் எடுத்து அனுப்பினாள். வருஷத்துக்கு ஒரு மதிப்பீடுதான், அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பியுங்கள் என்று பதில் வந்தது. ஆய்வாளரின் கெடுவில் அப்போது இரண்டு மாதம் மிச்சமிருந்தது.

சலவையக்கா யாரிடமும் சொல்லாமல் ஒருநாள் பஸ் ஏறி வங்கியின் தலைமை அலுவலகத்துக்குப் போனாள். அந்த டேப்லெட் பெண்ணைப் பார்த்து, நான் சொன்னது பொய் என்று சொல்லிவிடுவது என்று கிளம்பியிருந்தாள். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால், எதிர்ச்சுவரில் ஆள் உயரத்துக்கு அவளே நின்றுகொண்டிருந்தாள். எந்த வருஷமோ கூடத்தில் எடுத்த படம். ஆரஞ்சு டீ-ஷர்ட்டுகளுக்கு நடுவே அவள் வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறாள், சின்னவள் முழங்கையைப் பிடித்திருக்கிறாள். ‘இவர்கள் புன்னகையே எங்கள் லாபம்’ என்று கீழே எழுதியிருந்தது. படத்தின் ஓரத்தில், துண்டு போட்டு மூடிய உருண்டையாக ஏதோ ஒன்று. வாளி. மூடியவளும் அவள்தான்.

வாசல் செக்யூரிட்டி அவளை அடையாளம் கண்டுகொண்டு, படத்தில் இருப்பது நீங்கள்தானே என்று சந்தோஷமாக ஓடிவந்தான். அவனிடம் அவள் அந்த ஓரத்தைக் காட்டி, அது வாளி, கூரை ஒழுகுகிறது என்று சொன்னாள். அப்படியா என்று உற்றுப் பார்த்துவிட்டு, தன் வீட்டிலும் ஒழுகுவதாகச் சொன்னான். வரவேற்பில் இருந்த பெண், முன்கூட்டியே நேரம் வாங்காமல் அந்தப் பிரிவில் யாரையும் பார்க்க முடியாது என்று சொல்லி, ஒரு சீட்டில் மின்னஞ்சல் முகவரியை எழுதிக் கொடுத்தாள். செக்யூரிட்டி விடவில்லை. படத்துக்கு முன்னால் அவளை நிறுத்தி ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டான். எடுத்தபோது அவள் வாய் தானாகவே சிரித்தது. வெளியே வந்தபின்தான் அது தெரிந்து, நடைபாதையில் நின்று தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள்.

கெடு முடிந்த வாரம் மூன்று வேன்கள் வந்தன. ஒவ்வொருத்திக்கும் ஒரு பை, கழுத்தில் ஓர் அட்டை. சலவையக்கா எல்லாருடைய துணியையும் துவைத்து, மடித்து, பையில் வைத்திருந்தாள். சின்னவளை ஏற்றும்போது அவள் அக்காவின் முழங்கையை விடவில்லை. பிரித்து எடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அந்த இரண்டு பேரில் ஒருத்தியாக அக்காவும் இருக்கவேண்டி வந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் போய்ப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லாத இடம். உயரமான, உறுதியான கூரை, எங்கும் ஒரு சொட்டு ஒழுகாது. சின்னவளுக்குத் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். கதவோரக் கட்டிலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து முழங்கையை அவள் கைக்கு எட்டும்படி வைத்தாள். சின்னவள் தொடவில்லை. மணி அடிக்கும்வரை அக்கா முழங்கையை அப்படியே வைத்திருந்தாள். சரியாகச் சாப்பிடுகிறாளா என்று போகும்போது ஊழியரிடம் கேட்க நினைத்து, கேட்டால் குறை சொல்கிறாள் என்று நினைப்பார்களோ என்று பயந்து, கேட்காமலே பஸ் ஏறினாள்.

வாடகைக் கட்டடத்தைச் சுத்தம் செய்து உரிமையாளரிடம் ஒப்படைக்க அவளுக்கு இன்னும் ஒரு மாத வேலை பாக்கியிருந்தது. அந்த மாதத்தில்தான் வங்கியின் பெயின்ட் நாளும் வந்தது. இல்லம் மூடியாயிற்று என்று வார்டன் தொலைபேசியில் சொல்லிப் பார்த்தாள். நாள் நாட்காட்டியில் ஏறிவிட்டது, பெயின்ட் வாங்கியாயிற்று, பஸ்ஸுக்கும் சொல்லியாயிற்று என்றார்கள். உரிமையாளர், தாராளமாக வரட்டும் என்றார். சும்மா கிடைக்கிற பெயின்டை யார் வேண்டாம் என்பார்கள்?

இந்தத் தடவை சலவையக்கா சுவரைச் சுரண்டவில்லை. தரையைத் துடைக்கவில்லை. அன்று காலை கொட்டகையிலிருந்து ஏழு வாளிகளையும் எடுத்துவந்து, காலிக் கூடத்தில் ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்தாள். வெளியே சுட்டெரிக்கும் வெயில். மேலே கறைகள் அப்படியே தெரிந்தன. யார் வந்து ஏன் என்று கேட்டாலும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். மழை, பலகை, நோட்டீஸ், தான் பூசவைத்த பெயின்ட், தான் சொன்ன பொய், கதவோரக் கட்டில் என்று வரிசையாகச் சொல்லிப் பழகியும் வைத்திருந்தாள். நாலாவது வாளிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

பஸ்கள் வந்தன. எல்லாம் புது முகங்கள். குழுத்தலைவி மாதிரி இருந்த பெண் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். தரையில் நின்ற வாளிகளைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. திரும்பி மற்றவர்களைக் கூப்பிட்டாள்.

“போன வருஷ பக்கெட்டையெல்லாம் எவ்வளவு சுத்தமா எடுத்து வெச்சிருக்காங்க பாருங்க. பெயின்ட் கலக்க இதுவே போதும்.”

நாலைந்து பேர் வந்து ஆளுக்கு ஒன்றிரண்டாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். கூரையை யாரும் பார்க்கவில்லை. கடைசியாக ஓர் இளைஞன் அவள் பக்கத்தில் வந்து நின்றான். நல்ல பிள்ளை, கேட்காமல் எடுக்கவில்லை.

“இதையும் எடுத்துக்கலாமாக்கா? இங்க இருந்தவங்கல்லாம் எங்க?”

பழகி வைத்த அத்தனையும் அவள் தொண்டைவரை வந்து நின்றது. அவன் தூரத்திலிருந்து வந்தவன், வெயிலில் வேலை செய்யப் போகிறவன், அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறான்.

“எல்லாரும் ஊருக்குப் போயிருக்காங்க தம்பி. எடுத்துக்குங்க.”

சாயங்காலம் அவர்கள் கிளம்பிப் போனபோது சுவர் பளபளவென்று இருந்தது. ஏழு வாளியும் உள்ளும் புறமும் பெயின்ட் வழியக் குழாயடியில் கிடந்தன. காய்ந்துவிட்டால் போகாது என்று அவள் உடனே உட்கார்ந்து தேய்த்தாள். எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்து வைத்த பிறகு, நாலாவது எது என்று தேடிப் பார்த்தாள். அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.